சீதாவிடம் கேட்கப்பட்ட ஒன்பது கேள்விகள்

கண்டியில் ஒரு புடவைக் கடையில் பதினெட்டு வருடம் கெஷியராக இருந்தவள் சீதா. கொரோனா வந்து கடையை மூடியபோது முதலாளி, "தொறந்ததும் சொல்லி அனுப்புறேன்" என்றார். கடை திறந்தது; சொல்லி அனுப்பவில்லை. அவளுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. குண்டசாலையில் வாடகை வீடு, மாநகரசபையின் தண்ணீர்ப் பகுதியில் வேலை செய்யும் கணவன் இராமையா, பாடசாலை இல்லாமல் வீட்டிலேயே அடைந்து கிடந்த இரண்டு பிள்ளைகள்.

அந்த நேரத்தில்தான் மனநல மருத்துவரான டொக்டர் தனுஷியா ஆள் தேடினார். இந்த நோய்க் காலத்தில் யார் யாருடைய மனம் எப்படிச் சோர்கிறது என்று அறிய, அவருடைய சிறிய குழு கண்டியைச் சுற்றி முந்நூறு பேரைத் தெரிந்தெடுத்திருந்தது. சில மாதங்களுக்கு ஒருமுறை அவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு அதே ஒன்பது கேள்விகளைக் கேட்க வேண்டும். நித்திரை வருகிறதா, சாப்பாடு இறங்குகிறதா, எதிலாவது ஆசை இருக்கிறதா என்று போகும். ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து மூன்று வரை புள்ளி. தமிழும் சிங்களமும் தண்ணீர்பட்ட பாடாகப் பேசும் சீதாவுக்கு அந்த வேலை கிடைத்தது.

அலுமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு கதிரையைப் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பேசுவாள். முதல் சுற்றில் ஆட்கள் தயங்கினார்கள். இரண்டாம் சுற்றில் அவள் குரல் கேட்டதுமே மனதிலிருந்ததைக் கொட்டினார்கள். த்ரீவீல் ஓட்டும் ஒருவர் எல்லாவற்றுக்கும் "இல்ல, இல்ல" என்று சொல்லிவிட்டு, போனை வைக்க மனமில்லாமல் கால் மணி நேரம் மழையைப் பற்றிப் பேசினார். கைக்குழந்தைக்காரியான ஓர் ஆசிரியை மூன்றாவது கேள்வியிலேயே அழுதாள்.

அந்தச் சுற்று முடிந்ததும் டொக்டர் போன் எடுத்துப் பேசினார். "வயசானவைக்குத்தான் கூடக் கஷ்டம் எண்டு நினைச்சனான், சீதாக்கா. எங்கட முந்நூறு பேருக்குள்ள பாத்தா அவை அப்பிடியேதான் நிக்கினம். இளம் ஆக்களுக்கும், பிள்ளையளோட வீட்டில நிக்கிற பொம்பிளையளுக்கும், வேலை போன ஆக்களுக்கும்தான் புள்ளி ஏறியிருக்கு."

"ஆமாங்க டொக்டர்" என்றாள் சீதா. டொக்டர் சொன்ன ஆட்களில் தானும் ஒருத்தி என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. சோறு வாய்க்குப் பிடிக்கவில்லை. மகள் கஜனி பாடத்தில் சந்தேகம் கேட்டால் எரிந்து விழுந்தாள். பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். எல்லா வீட்டிலும் இதுதானே என்று விட்டுவிட்டாள்.

மூன்றாம் சுற்று, இரண்டாயிரத்து இருபத்தொன்றில், நாடு மறுபடியும் மூடிக் கிடந்தபோது வந்தது. கெலிஓயாவிலிருக்கும் உம்மு குல்சும் என்ற அறுபத்திரண்டு வயதுப் பெண்மணியை அழைத்தாள். முன்னைய இரண்டு தடவையும் சிரிக்கச் சிரிக்கப் பேசியவர்.

"எப்படி இருக்கீங்க உம்மா?"

"எங்கட அவர் மௌத்தாகிட்டார் மகள். ஓட்டமாவடிக்குக் கொண்டு போய் அடக்கினாங்க. கொரோனாவில மௌத்தானவங்கள அங்க மட்டுந்தானே அடக்க உடுறாங்க. எங்களுக்கும் கொரோனா, ஊட்ட உட்டு எறங்க ஏலாது. கபுரக் கூட நான் இன்னும் பாக்கல்ல."

சீதா பேனாவைக் கீழே வைத்தாள். "இன்னொரு நாளைக்கு எடுக்கவா உம்மா?"

"வேணாம், கேளுங்க. யாராவது கேட்டாத்தானே செல்லலாம்."

ஒவ்வொன்றாகக் கேட்டாள். புள்ளி பத்தைத் தாண்டினால் டொக்டரின் எண்ணைக் கொடுக்க வேண்டும் என்பது விதி. கொடுத்தாள். எழுதிக்கொண்ட உம்மு குல்சும் போனை வைக்கவில்லை.

"எல்லாரையும் நீங்க கேக்கிறீங்க. ஒங்கள யாரு கேக்கிற?"

"எனக்கென்ன உம்மா, நான் நல்லாத்தான் இருக்கேன்."

"போன மொற பேசின கொரல் இல்ல இது. கேள்வி எல்லாம் எனக்குப் பாடம். நான் கேக்கிறன், செல்லுங்க. நித்திர வருதா?"

சிரித்து மழுப்பத்தான் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. "இல்ல உம்மா" என்றாள். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு மற்றவை தாமாகவே வந்தன. கடைசிக் கேள்வி, செத்துப்போனால் நல்லது என்று நினைப்பு வருமா என்பது. அதற்கு மட்டும் "ஐயோ, இல்ல" என்று உடனே சொல்ல முடிந்தது. பழக்கத்தில் அவளுடைய கை ஒரு வெற்றுப் படிவத்தில் புள்ளிகளைக் குறித்துக்கொண்டே வந்திருந்தது.

"எத்தின?"

"பதினாறு."

"அப்ப எனக்குச் சொன்னத ஒங்களுக்கும் செல்லிக்கோங்க மகள்."

மாலையில் இராமையா வேலையால் வந்து தேநீர் குடிக்கும்போது அந்தத் தாளை அவன் முன்னால் வைத்து விளக்கினாள். அவன் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தான். "நீ கோவக்காரி ஆயிட்டேன்னுல்ல நெனச்சேன்" என்றான். "நான் ஒரு வார்த்த கேட்டிருக்கணும்." மறுநாள் லீவு போட்டுவிட்டு, டொக்டர் தனுஷியா சொன்ன கிளினிக்குக்குக் கூட்டிப் போனான். அவள் உள்ளே பேசி முடிக்கும்வரை வெளியே வாங்கிலில் உட்கார்ந்திருந்தான்.

உடனே ஒன்றும் மாறிவிடவில்லை. மாத்திரை முதலில் வயிற்றைப் பிரட்டியது. இரண்டு தடவை போக மாட்டேன் என்று அடம்பிடித்தாள். மூன்றாம் மாதத்தில் ஒரு காலை, இன்னொரு ரொட்டி இருக்கிறதா என்று அவள் கேட்க, கஜனி தன் தட்டிலிருந்ததைத் தூக்கிக் கொடுத்தாள்.

உம்மு குல்சுமும் அதே கிளினிக்குக்குப் போய்வந்தார். பாதைகள் திறந்த பிறகு அவருடைய மகன் ஹுதைபா ஓட்டமாவடிக்கு வேன் பிடித்தான். "பக்கத்தில ஒங்களுக்கு எடம் வெச்சீக்கன், வாங்க" என்று உம்மு குல்சும் கூப்பிட்டார். சீதா கெலிஓயாவுக்கு பஸ் ஏறினாள். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டது அன்றுதான். "யா அல்லாஹ், நான் ஏதோ சின்னப் புள்ளண்டு நெனச்சிக்கொண்டீந்தன்!" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டார் அவர்.

ஓட்டமாவடியில் வெயில் கொளுத்தியது. வரிசை வரிசையாக மண்மேடுகள். ஹுதைபா தந்தையின் புதைகுழி இலக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்தான். உம்மு குல்சும் அங்கேயே தரையில் உட்கார்ந்து, கைகளை விரித்து ஓதினார். நடுவே குரல் உடைந்தது, பிறகு சேர்ந்தது. அவர் எழும் வரைக்கும் சீதா குடையை அவர் தலைக்கு மேல் பிடித்தபடி நின்றாள்.

திரும்பும்போது தம்புள்ளையில் தேநீருக்கு நிறுத்தினார்கள். "பிள்ளைகள் என்ன செய்றாங்க?" என்று உம்மு குல்சும் கேட்டார். சீதா சொல்லத் தொடங்கினாள். மாத்தளை தாண்டியும் பேசிக்கொண்டே வந்தாள்.