தவ்லத்மோவின் உப்பில்லாத் தேநீர்

பாலும் வெண்ணெயும் உப்பும் போட்டுத் தவ்லத்மோ காய்ச்சும் காலைத் தேநீருக்காகவே அந்தப் பாமிர் மலையூரில் ஆட்கள் சுற்றுவழியாக அவள் வீட்டுப் பக்கம் வருவார்கள். அவளுக்கு உள்ளூர ஏகப்பட்ட பெருமை. வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள், அவ்வளவுதான்.

மருமகள் ஒர்சுமோ பிள்ளை பெற்று வீடு வந்ததும் மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. ரத்தக் கொதிப்புக்கென்று ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரைகளைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டினாள்.

"பால் குடுக்கிறவளுக்கு எதுக்குடி மாத்திரை? எல்லாம் பிள்ளை வயித்துக்குத்தான் போகும். இந்த டீயைக் குடி."

ஒர்சுமோ குடித்தாள். பிள்ளை பெற்ற நாற்பது நாளில் மாமியார் நீட்டும் கிண்ணத்தை மருமகள் மறுப்பது அங்கே நடக்காத காரியம். தலை வலிக்கிறது என்றாள். குளிர்காற்று பட்டிருக்கும் என்று தவ்லத்மோ தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள். தேநீரில் இன்னும் கொஞ்சம் உப்பும் வெண்ணெயும் சேர்த்தாள். அன்பு வந்தால் அவளுக்கு அளவு தெரியாது.

ஒருநாள் காலை கிண்ணத்தை நீட்டினாள். ஒர்சுமோவின் கை கிண்ணத்துக்குப் பக்கத்தில் வெறும் காற்றைத் துழாவியது.

"அத்தை, கண்ணு முன்னாடி ஏதோ மின்னுது. கிண்ணம் ரெண்டாத் தெரியுது."

தவ்லத்மோ கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பக்கத்து வீட்டு ஜீப்பில் மருமகளையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு ஓடினாள்.

"இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா வலிப்பு வந்து ஆளே போயிருப்பா," என்றாள் டாக்டரம்மா. "பிள்ளை பால் குடிக்குதுன்னு பார்த்துத்தானே இந்த மாத்திரையைக் குடுத்தோம்? யார் நிறுத்தச் சொன்னது?"

ஒர்சுமோ படுத்தபடியே, "நான்தான் மறந்துட்டேன்," என்றாள்.

தவ்லத்மோ வாய் திறக்கவில்லை. அந்த வெட்கம் அவளை நாள்கணக்கில் தின்றது.

கொதிப்பு அடங்கி மருமகள் வீடு திரும்பியதும் பிள்ளை பார்க்கப் பெண்கள் வந்தார்கள். தேநீரை ஒரு வாய் குடித்ததும் அவர்களில் சப்சாகுல் என்பவள் முகத்தைச் சுளித்தாள்.

"உப்பே இல்லியே! மருமக போட்டதா? மாத்திரையையே மறக்கிறவளாச்சே, உப்பு எங்க ஞாபகம் இருக்கப்போகுது!"

பெண்கள் சிரித்தார்கள். ஒர்சுமோ தலையைக் குனிந்துகொண்டாள்.

"டீ போட்டது நான்," என்றாள் தவ்லத்மோ. "அவ எதையும் மறக்கல. மாத்திரையைப் பூட்டி வச்ச பாவி நான்தான். என்னைக் காட்டிக்குடுக்காம படுத்திருந்தாடி இவ. உனக்கு உப்பு வேணும்னா அந்தா இருக்கு, போட்டுக்க."

தவ்லத்மோ மாத்திரையைப் பிரித்து மருமகளின் உள்ளங்கையில் வைத்தாள். அவள் விழுங்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.