ஆறாவது ஆளுக்குத் திறக்காத ஃபோல்டர்

"வெள்ளிக்கிழமை வாணிக்கு எச்சரிக்கைக் கடிதம் குடுக்கப் போறன். அதுக்குள்ள அவ செய்த வேலைக்கு ஆதாரம் எடுத்துத் தாரும்" என்றார் முதலாளி சிவநேசன்.

ஒஸ்லோ நகரத்து ஸ்டோவ்னரில் துப்புரவு ஒப்பந்தங்கள் எடுக்கும் சின்ன அலுவலகம் அவருடையது. நான் வாரத்தில் ஒரு பின்னேரம் போய் நெட்வேர்க் பார்க்கிற ஆள். அது விண்டோஸ் எக்ஸ்பி காலம். யார் எந்தக் கட்டடத்துக்குப் போவது என்ற பட்டியலெல்லாம் அதைப் போடுகிற வாணியின் கம்ப்யூட்டரில், ஷேர் பண்ணிய ஒரு ஃபோல்டரில் இருந்தது. மற்றவர்கள் தங்கள் மேசையிலிருந்து அதைத் திறப்பார்கள்.

ஒரு மாதமாக ஜீவனுக்கு மட்டும் அது காலையில் திறக்கவில்லை. நகரின் மறுகோடியில் உள்ள ஹொல்ம்லியாவிலிருந்து ரயிலும் டி-பான் என்ற மெட்ரோவும் மாறி, கடைசி ஆளாக வருகிற மேற்பார்வையாளர் அவர். பட்டியல் விஷயத்தில் அவருக்கும் வாணிக்கும் ஏற்கெனவே வாய்த்தர்க்கம்.

"யாழ்ப்பாணத்து ஆக்களுக்கெல்லாம் திறக்குது. மட்டக்களப்பான் எனக்கு மட்டும் பூட்டு" என்றார் ஜீவன்.

"நான் ஒண்டும் செய்யேல்லை. எனக்கு அதுகள் தெரியவும் தெரியாது" என்றார் வாணி, அழாத குறையாக.

நான் அவரை நம்பவில்லை. நான் போகிற பின்னேரமெல்லாம் ஃபோல்டர் நன்றாகத் திறந்தது. என்னைக் கண்டதும் பூட்டை எடுத்துவிடுகிறார் என்றே நினைத்தேன். இரண்டு தரம் அவருடைய செட்டிங்ஸைக் கிளறினேன்; ஒன்றும் அகப்படவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, ஒன்றும் அகப்படாததே எனக்குப் பெரிய சந்தேகமாகிவிட்டது.

பட்டியல்களை வைக்கவென்றே ஒரு தனிக் கம்ப்யூட்டர், அதாவது சேர்வர், வாங்கும்படி முன்பே ஒருதரம் சொல்லிப் பார்த்திருந்தேன். "உமக்கு இதில எவ்வளவு கொமிஷன்?" என்று சிவநேசன் சிரித்தார்.

வாணியைக் கையும் களவுமாகப் பிடிக்க வியாழன் காலையிலேயே போனேன். ஜீவன் கடைசியாக வந்து உட்கார்ந்தார். திரையில் நோர்வேஜிய மொழியில் ஏதோ செய்தி வந்தது. வழக்கம்போல வாசிக்காமலே ஓகே அடிக்கப் போனவரைத் தடுத்து வாசித்தேன். வாணியின் கம்ப்யூட்டரோடு இதற்கு மேல் யாரும் இணைய முடியாது என்று இருந்தது.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வாணியிடம் இருந்தது வீட்டுக்கென்று விற்கிற விண்டோஸ், ஹோம் எடிஷன். வெளியிலிருந்து ஒரே நேரத்தில் ஐந்து கம்ப்யூட்டர்களைத்தான் அது உள்ளே விடும். போன மாதம் அலுவலகத்தில் புதிதாக ஒருவர் சேர்ந்ததோடு அந்தக் கணக்கு ஆறாகிவிட்டது. பின்னேரம் நான் போவதற்குள் இரண்டு பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

சிவநேசனின் கம்ப்யூட்டரை நிறுத்தினேன். ஜீவனுக்குத் திறந்தது.

"நீர் இப்ப என்னவோ தட்டிப்போட்டீர்" என்றார் சிவநேசன்.

"அப்ப நாளைக்கு நீங்கள் கடைசியா வாங்கோ."

வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் பிறகு வந்தார். அவருக்குத் திறக்கவில்லை. முதலில் வாணியின் மேசையைப் பார்த்தார். பிறகு இருந்தவர்களை விரலால் எண்ணினார். பையிலிருந்த கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, சேர்வர் ஏன் வேண்டும் என்று எழுதித் தரச் சொன்னார். வழக்கமாகப் பக்கம் பக்கமாக எழுதும் நான் ஒரு வரிதான் எழுதினேன்: "ஆறு பேர் உள்ளே வர வேண்டும், இப்போது ஐந்து பேருக்குத்தான் இடம்."

சேர்வர் வந்த அன்று, அதை எங்கே வைப்பது என்று கேட்டேன்.

"எங்கையெண்டாலும் வையுங்கோ அண்ணை. என்ர மேசைக்குக் கிட்ட மட்டும் வேண்டாம்" என்றார் வாணி. என் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களே, ஆட்களைச் சந்தேகிக்கும் முன் கம்ப்யூட்டர்களை எண்ணுங்கள். எண்ண எனக்கு ஒரு நிமிடம் போதும். வாணியிடம் மன்னிப்புக் கேட்க இரண்டு கிழமை எடுத்தது.