சாய்ந்தமருதுக் கரைவலையில் சிக்கிய குட்டி

அறுகம்பே போகும் பஸ்ஸிலிருந்து கல்முனையில் இறங்குபவர் கல்முனைக்காரர் மட்டும்தான். மற்ற எல்லோரும் தூங்கிக்கொண்டே அந்த ஊரைத் தாண்டிவிடுவார்கள். நானும் மூன்று தடவை அப்படித் தாண்டியவன்தான். இந்த ஓகஸ்ட் விடுமுறையில் வவுனியாவிலிருந்து, அறுகம்பேயை ஒட்டிய பொத்துவிலுக்குக் கிளம்பியபோது, வழியில் ஒரு நாள் கல்முனைக்கு என்று முடிவெடுத்துவிட்டேன். இந்தப் பக்கத்தைப் படிக்கும் ஒருவர், "எங்கட ஊரை மட்டும் ஏன் விட்டுட்டு விட்டுட்டுப் போறீங்க?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. கொஞ்சம் ரோஷமும் வந்துவிட்டது.

மட்டக்களப்பிலிருந்து கல்முனை ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர். பகல் ஒரு மணிக்கு ஏறினேன், இரண்டேகாலுக்கு இறங்கினேன். டிக்கெட் இருநூறு ரூபாய்க்குள். எரிபொருள் விலை ஏறினால் இதுவும் ஏறும், என்னோடு சண்டைக்கு வராதீர்கள். வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள், வாவியும் வயலும் மாறி மாறி வரும். இடது பக்கம் உட்கார்ந்தால் மதில்தான் பார்க்கலாம்.

பிரதான வீதிக்குக் கிட்ட மின்விசிறி அறை மூவாயிரத்து ஐந்நூறுக்குக் கிடைத்தது. இந்தக் கரையில் ஊர்கள் இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. ஒன்று எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கடைப் பெயர்ப்பலகையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மாலையில் ஊரைச் சுற்றிக் காட்டிய ஓட்டோக்காரரிடம், காலையில் என்ன பார்க்கலாம் என்று கேட்டேன்.

"வெள்ளென பக்கத்து ஊர் சாய்ந்தமருதுக் கடக்கரைக்குப் போங்க. கரைவல இழுப்பாங்க. சும்மா நிண்டு படம் எடுக்காம கயித்துல கை வைங்க, கறிக்கு மீன் கிடைக்கும்" என்றார். தங்குமிடத்தில் சமைக்க வழியில்லாத எனக்கு மீன் எதற்கு என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

காலை ஆறு மணிக்கு அவரே கொண்டுபோய் விட்டார். மூன்று கிலோமீற்றர், முந்நூறு ரூபாய். கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும் காலம் என்பதால் கடல் தட்டையாகக் கிடந்தது. கரைவலை பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு தோணி போய்க் கடலில் அரைவட்டமாக வலையை விட்டுவிட்டு வரும். வலையின் இரண்டு முனையிலும் கட்டிய நீளமான கயிறுகள் கரைக்கு வரும். இரண்டு குழு இழுக்க இழுக்க அரைவட்டம் சுருங்கும். நடுவில் இருக்கும் பைக்கு மடி என்று பெயர், மீன் எல்லாம் கடைசியில் அதற்குள் வந்து சேரும். பார்க்க எளிது. இழுத்தால்தான் தெரியும்.

வலையின் சொந்தக்காரர் இஸ்மாயில் காக்கா. காக்கா என்றால் இந்தப் பக்கத்து முஸ்லிம்களிடம் அண்ணன். அறுபதைத் தாண்டிய ஆள், வெள்ளைத் தொப்பி, ஒலிபெருக்கி தேவைப்படாத குரல். கை வைக்கலாமா என்று கேட்டேன். "வாங்க தம்பி, கை கூடினா கயிறு லேசு" என்று இடம் காட்டினார். எனக்கு முன்னால் நின்றவர் நாசர், முப்பது வயதிருக்கும், மெலிந்த உடம்பு. இரண்டு இழுப்பிலேயே என் லட்சணத்தைக் கண்டுகொண்டார்.

"அண்ணன், குதிய மணல்ல ஊண்டி இடுப்பால இழுங்க. கையால மட்டும் இழுத்தா மத்தியானம் தேத்தண்ணிக் கோப்பய தூக்க ஏலாது."

சொன்னபடி செய்தேன், கொஞ்சம் மனிதனானேன். இழுக்கும்போது அவர் கதைத்துக்கொண்டே வந்தார். ஒரு கிழமையாகக் கடல் வெறுமை. எல்லோரும் வெறுங்கையோடுதான் வீட்டுக்குப் போனார்களாம். அவருக்கு முதல் குழந்தை பிறந்து நாலே நாள். "பெத்தவளுக்கு மீன் ஆக்கிக் குடுக்கணும். பால் இன்னும் சரியா ஊறல்ல, புள்ள ராவெல்லாம் அழுறா. இன்டைக்கு வல பாரமா வருது, அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அவருடைய சந்தோஷம் எனக்கும் தொற்றியது. பாரம் கூடக் கூடச் சந்தோஷமாக இழுத்தேன்.

வலை கரையிலிருந்து ஒன்றிரண்டு தென்னை உயரத் தூரத்துக்கு வந்தபோதுதான் மற்றக் கயிற்றுக்காரர்கள் சத்தம் போட்டார்கள். வலைக்குள்ளே கறுப்பாக ஒரு முதுகு எழும்பி அமிழ்ந்தது. டொல்பின் குட்டி. வலைக்கு வெளியே இரண்டு பெரியவை, மிதப்புக் கட்டைகளை ஒட்டி அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தன. அவை மூச்சுவிடும் 'புஸ்' சத்தம் கரைவரை கேட்டது. ஒன்று தலையை வலையில் வைத்து முட்டிக்கொண்டு அப்படியே நின்றது. அவற்றுக்குக் கடல் முழுக்கத் திறந்து கிடந்தது. போகவில்லை.

"நிப்பாட்டு! இழுக்காத, விடவும் விடாத!" என்று காக்கா கத்தினார். கயிற்றைப் பிடித்தபடி நின்றோம். இன்னும் இழுத்தால் குட்டி வலையில் சுற்றிக்கொள்ளும், மேலே வந்து மூச்சுவிட முடியாமல் செத்துப்போகும். ஒரு பக்கக் கயிற்றைத் தளர்த்தினால் வலை திறந்து குட்டி போய்விடும், அதோடு ஒரு கிழமைக்குப் பிறகு வந்த மீனும் போய்விடும்.

வலை காக்காவுடையது, தளர்த்து என்றால் முடிந்தது என்றுதான் நினைத்தேன். இங்கே அப்படியில்லை. கயிற்றில் கை வைத்த ஒவ்வொருவருக்கும் உள்ளே இருக்கும் மீனில் பங்கு விழுந்துவிட்டது. அடுத்தவன் பங்கை அவன் வாயால் சொல்லாமல் கடலில் விடக் காக்காவுக்கு உரிமையில்லை.

"நான் தனிய விட ஏலாது. ஒவ்வொருத்தரும் ஹலாலாக்கிச் சொல்லுங்க, கெதியா!" என்றபடி கயிறு நெடுகிலும் ஓடிவந்தார். ஹலாலாக்குவது என்றால், எனக்குச் சேரவேண்டியதை மனம் பொருந்தி விட்டுவிட்டேன், பிறகு கேட்கமாட்டேன் என்று சொல்வது. ஹலால், ஹலால் என்று ஒவ்வொரு வாயாக வந்தது. என்னிடமும் வந்து நின்றார். "நானுமா காக்கா?" என்றேன். "கயிறு புடிச்ச தானே?" என்றார். ஹலால் என்றேன். மீனை வைத்து என்ன செய்வதென்றே தெரியாதவனுக்கு அது எவ்வளவு சுகமான வார்த்தை!

அடுத்தது நாசர். அவரிடம் காக்கா இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது.

"நான் ஹலாலாக்க மாட்டன்" என்றார் நாசர். "டொல்பினுக்கு மட்டுமா புள்ள இரிக்கி, காக்கா? எனக்கும் நாலு நாள் புள்ள இரிக்கி."

பின்னாலிருந்து யாரோ ஏசினார்கள். காக்கா கையை உயர்த்தி அடக்கினார். "அவன ஏசாதீங்க. அவன்ட பங்கு, அவன்ட வாய். நான் புடுங்க ஏலாது."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கண் முன்னால் ஒரு உயிர் துடிக்கிறது, இந்த மனிதன் கறிக் கணக்குப் பார்க்கிறானே என்று உள்ளுக்குள் கண்டபடி திட்டினேன். திட்டி முடிப்பதற்குள் நாசர் திரும்பித் தன் கைப்பிடிக் கயிற்றை என் கையில் திணித்தார்.

"இதயும் சேத்துப் புடிங்க அண்ணன். செத்தாலும் விட்டுராதீங்க." பிறகு காக்காவைப் பார்த்து, "மீன விட மாட்டன் எண்டுதான் சொன்னன். குட்டி சாகட்டும் எண்டு சொன்னனா?" என்றார். சாரனை மடித்து இறுக்கிக் கட்டிக்கொண்டு கடலில் பாய்ந்துவிட்டார்.

மற்றக் கயிற்றிலிருந்து இரண்டு பேர் பின்னாலே பாய்ந்தார்கள். எங்களுக்கு ஆள் குறைந்ததால் கயிறு கையை அறுத்தது. நாசர் குட்டியை நெருங்கியபோது அது வாலால் அடித்துத் தள்ளியது. மறுபடி போனார். வெளியே நின்ற பெரியவற்றில் ஒன்று அவருக்குக் கை எட்டும் தூரத்துக்கு வந்தது. அது ஒரு முட்டு முட்டினால் விலா எலும்பு போய்விடும். கரையில் எல்லோரும் யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று நின்றோம், பிள்ளையாரைக் கும்பிடும் நானும் அதையேதான் சொன்னேன். அந்தப் பெரியது முட்டவில்லை, பக்கத்திலேயே மிதந்தது. நாசர் மிதப்புக் கயிற்றின் மேல் குப்புறப் படுத்துத் தன் பாரத்தால் அதைத் தண்ணீருக்குள் அமுக்கினார். மற்ற இருவரும் குட்டியைத் தள்ளித் தள்ளி அதற்கு மேலால் வெளியே விட்டார்கள். அந்த இடைவெளியால் மீனும் வெள்ளையாக வழிந்து போனது.

"போறது போகட்டும், அமுக்கு!" என்றார் காக்கா.

குட்டி களைத்துப்போயிருந்தது. பெரியது ஒன்று அதற்குக் கீழே போய்த் தன் முதுகால் தாங்கி மேலே தூக்கியது, குட்டி மூச்சு விட்டது. மற்றது பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. மூன்றும் அவசரமில்லாமல் கிழக்கே போயின. இது பாசமில்லை, வெறும் இயல்பு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சொல்லட்டும். நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் பாசம்தான்.

பிறகு வலையை இழுத்தோம். பாதிக்கு மேல் போய்விட்டது என்று காக்கா சொன்னார். ஆனாலும் மடியில் மீன் இருந்தது, பிள்ளை பெற்றவர்களுக்குப் பால் ஊற ஆக்கிக் கொடுக்கும் பால்சுறா ஒன்றும் இருந்தது. பங்கு பிரிக்குமுன் அந்தச் சுறாவை எடுத்து நாசரின் குவியலில் வைத்து, "இது பெத்தவளுக்கு" என்றார் காக்கா. ஏசியவர் உட்பட ஒருவரும் மறுக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: பங்குனி தொடக்கம் புரட்டாசி வரை கடல் அமைதியாக இருக்கும் மாதங்கள் நல்லது, வாடைக் காற்று வீசும் மாரி காலத்தில் கரைவலை இல்லை. வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள், ஜும்ஆத் தொழுகைக்கு முன் பெரும்பாலும் வலை விடமாட்டார்கள். அடக்கமான உடுப்பு, உள்ளங்கையில் சுற்ற ஒரு துண்டுத் துணி. கயிற்றைப் பிடித்தால் பாதியில் விட்டுவிட்டுப் படம் எடுக்க ஓடாதீர்கள். பிடித்தால் நீங்களும் பங்காளிதான், அதன் பொறுப்பும் உங்களுக்குத்தான். கடற்கரைக் கடையில் பிளேன்டீயும் பணிசும் (பன்தான்) இருநூறு ரூபாய்க்குள் முடியும். என் பங்கு மீனை அந்தக் கடைக்காரரிடமே கொடுத்தேன், பொரித்துத் தந்தார்.

அந்தக் கடையில் இருக்கும்போதுதான் நாசர் வந்தார். ஒவ்வொரு ஆளாகத் தேடிப்போய்க் கதைத்துவிட்டு, கடைசியாக என்னிடம். சாரன் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது, முன்கையில் வலை கீறிய சிவப்புக் கோடுகள்.

"அண்ணன், நான் மிதப்ப அமுக்கினதால உங்கட பங்கு மீனும் கொஞ்சம் போயித்து. அத ஹலாலாக்கிடுங்க."

ஹலால் என்றேன். பிறகு, "நானும் ஒண்டு கேக்க வேணும். நீங்க மாட்டன் எண்டு சொன்ன நேரம் உங்களப் பற்றி ஒண்டு நினைச்சிட்டன். அதை நீங்க ஹலாலாக்க வேணும்" என்றேன்.

"என்ன நினைச்சீங்க?"

"சொல்ல மாட்டன்."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"அப்ப பெரிசாத்தான் நினைச்சிரிக்கீங்க. ஹலால், அண்ணன்" என்று சொல்லிவிட்டு, சுறாவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.