கரைவலைக் கயிற்றில் இழுபட்ட வான்

எங்கள் பழைய வானின் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு இரண்டே இரண்டு சொற்கள்தான் தெரியும். மனநிலை நன்றாக இருந்தால் 'கிர்ர்ர்' என்று எஞ்சினைச் சுழற்றும். இல்லாவிட்டால் சாவியைத் திருப்பியதும் 'டக்' என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு காலில் விழுந்து அழுதாலும் மூச்சுக் காட்டாது. என் மனைவியின் தம்பி வளைகுடா நாட்டுக்கு விமானம் ஏற வேண்டிய காலையில் அது 'டக்' என்றது.

சண்டைக் காலம். எங்கள் மீனவ ஊரான உடப்பில் கடலுக்குப் போகவும் நேரம், திரும்பவும் நேரம் என்று கட்டுப்பாடு. கடலை நம்பிப் பயனில்லை என்று தெரிந்து, அலைந்து திரிந்து அந்த விசாவை எடுத்திருந்தான் மைத்துனன். அன்றைய விமானத்தைத் தவறவிட்டால் வேறு டிக்கெட் கிடையாது, வேலையும் போய்விடும் என்று கம்பனி சொல்லிவிட்டது.

அதனால்தான் முந்தின நாளே அவன் கெஞ்சினான். "அத்தான், நான் விடிய பஸ்ஸில போறன். உங்கட வான நம்ப ஏலாது."

"சொந்த வான் வாசல்ல நிக்கக்குள்ள என்ட மச்சினன் பஸ்ஸில தொங்கிக்கொண்டு போறதா? ஊர் என்ன கதைக்கும்?" என்றேன்.

ஊர் பிறகு கதைத்தது. வேறு விதமாக.

காலையில் 'டக்' கேட்டதும் நான் கலங்கவில்லை. கலங்காதவனின் முகத்தை வைத்துக்கொண்டு இறங்கினேன். பற்றரியாக இருக்குமோ என்று ஹோர்னை அடித்தேன். தெருநாய்கள் எல்லாம் எழும்பின. பற்றரி நல்லது. வயர் முனைகளில் உப்புக்காற்று வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவிச் சுரண்டினேன். 'டக்.' சுத்தியலோடு வானுக்கு அடியில் ஊர்ந்து போய் மோட்டாரின் முதுகில் நாலு தட்டுத் தட்டினேன். காதுக்குள் மணல், கண்ணுக்குள் துரு, வாய்க்குள் எதுவென்று இன்றுவரைக்கும் தெரியாத ஒன்று.

"இப்ப பாரு!" என்று அடியிலிருந்து கத்தினேன்.

'டக்.'

"பார்த்தாச்சு," என்றாள், சாவியைத் திருப்பிய மனைவி, மேலேயிருந்து. "இன்னும் என்னத்தப் பாக்க? முதல் பஸ்ஸும் போயிட்டுது."

ஊர்ந்து வெளியே வந்தேன். குரலை மட்டும் வாத்தியார் குரலாக வைத்துக்கொண்டு, "தள்ளினா ஸ்டார்ட் ஆகும்," என்று அறிவித்தேன். தள்ளுவதற்கு முதலில் வானை மணலிலிருந்து தார் ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். சக்கரங்கள் பாதி புதைந்திருந்தன. ஓடிப்போய்க் கடற்கரையில் நின்ற, கரையிலிருந்தே பெருவலை இழுக்கும் கரைவலைக்காரரைக் கூப்பிட்டேன். அன்று வலை போட இன்னும் அனுமதி வராததால் கை சும்மா இருந்த மனிதர்கள். பெரிய கயிற்றோடு வந்தார்கள்.

கரைவலை இழுப்பவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பின்புறமாக நடந்துதான் இழுப்பார்கள். ஒருவர் அம்பாப் பாட்டை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பதில் குரல் கொடுக்கும்போது ஒரு இழுவை. பிறகு ஒரு மூச்சு. பிறகு இன்னொரு இழுவை. மணலிலிருந்து வானை அவர்கள் மீன் நிறைந்த வலை மடி போலக் கொண்டுவந்து தார் ரோட்டில் ஏற்றிவிட்டார்கள். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. இரண்டாம் கியரைப் போட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டு, "ம், இழுங்க!" என்றேன்.

இழுத்தார்கள். வான் ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. பாட்டு அடுத்த அடிக்கு மூச்சு வாங்கியது. வானும் நின்றது. மறுபடி பதில் குரல், மறுபடி பாய்ச்சல், மறுபடி நிறுத்தம். ஒவ்வொரு பாய்ச்சலிலும் நான் கிளட்சை விட, வான் விக்கல் எடுத்தது. எல்லாரும் பின்புறமாக நடந்ததால் அத்தனை முகங்களும் கண்ணாடிக்கு வெளியே என்னையே பார்த்துச் சிரித்தபடி வந்தன. என் வாழ்க்கையில் இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தது அதற்குமுன் என் கல்யாணத்தில்தான். அன்றும் எனக்கு இதே வியர்வைதான்.

"நிக்காம ஓடுங்க!" என்று கத்தினேன்.

"பாட்டு நிக்காம எப்பிடி மூச்சு விடுறது?" என்றார் பாட்டெடுத்தவர். நியாயமான கேள்வி.

விமானத்துக்காக உடுத்த புதுச் சட்டையோடு மைத்துனன் கதவைத் திறந்து குதித்தான். "இது வலையில்லப்பா, வான்! கயித்தப் போடுங்க! பாட்ட விடுங்க! பின்னால வந்து தள்ளுங்க!" அவனும் சேர்ந்து தள்ள, எஞ்சின் ஒரு கரும்புகை கக்கிவிட்டு உயிர் பெற்றது. அவன் சட்டையெல்லாம் கயிற்றுச் சேறும் மீன் வாடையும்.

"இனி கட்டுநாயக்க ஏர்போட் வரைக்கும் நிப்பாட்ட மாட்டன்," என்று சபதம் எடுத்தேன். சபதம் பிரதான வீதியில் சிலாபத்துக்கு இந்தப் பக்கம் இருந்த சோதனைச் சாவடி வரைதான் தாங்கியது.

சாவடியில் விதி ஒன்றுதான்: எஞ்சினை நிறுத்து, இறங்கு, அடையாள அட்டையைக் காட்டு. எனக்குத் தெரிந்த சிங்களத்தையெல்லாம் திரட்டி, தம்பி முறை வைத்து, "மல்லி, ஸ்டார்ட்டர் பழுது. நிறுத்தினால் திரும்ப வராது," என்றேன்.

"எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள்," என்றான் இளம் சிப்பாய், சிங்களத்தில். "நிறுத்துங்கள்."

நிறுத்தினேன். அட்டை பார்த்தார்கள், பெட்டியைக் கிளறினார்கள், போகச் சொன்னார்கள். 'டக்.'

இந்த இடத்தில் என் மூளை சுத்தமாக விடுமுறையில் போய்விட்டது. இல்லாவிட்டால், சண்டைக் காலத்தில், சோதனைச் சாவடியின் நடுவில், ஒரு தமிழன் சுத்தியலோடு வானுக்கு அடியில் ஊர்ந்து போவானா? நான் போனேன். இரண்டு தட்டுத் தட்டினேன். ஒரு விசில் ஒலித்தது. மண்மூடைகளுக்குப் பின்னால் காலணிச் சத்தம். அடியிலிருந்து பார்த்தால் பூட்ஸ்கள் மட்டும் தெரிந்தன. எல்லாம் என் பக்கமாகத் திரும்பியிருந்தன.

வெளியே வந்து இரண்டு கைகளையும் உயர்த்தினேன். ஒரு கையில் இன்னும் சுத்தியல்.

"கீழே போடு!"

எதைப் போடுவதென்று புரியாமல் முதலில் வெறுங்கையைக் கீழே போட்டேன்.

"அத்தான், சுத்தியல!" என்று மைத்துனன் அழாக்குறையாகச் சொன்னான். அதையும் போட்டேன்.

அவர்கள் வானை மறுபடி தலைகீழாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, புத்தளத்திலிருந்து கொழும்பு போகும் பஸ் வந்து நின்றது. பயணிகள் இறங்கி வரிசையில் நடந்து சாவடியைக் கடந்தார்கள். மைத்துனன் என்னைப் பார்த்தான். பஸ்ஸைப் பார்த்தான். பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றுவிட்டான். போயிட்டு வாறன் என்றுகூடச் சொல்லவில்லை. அந்தப் பக்கம் பஸ்ஸில் ஏறிய பிறகு ஜன்னலால் கையை மட்டும் காட்டினான். அவனுக்குப் பக்கத்தில் இருந்தவர் மூக்கைப் பொத்துவது எனக்குத் தெரிந்தது.

பஸ் கண்ணிலிருந்து மறைந்தது.

"வானை வழியிலிருந்து எடு," என்றான் சிப்பாய்.

எந்த நம்பிக்கையும் இல்லாமல் ஏறி, கட்டளைக்காக மட்டும் சாவியைத் திருப்பினேன். 'கிர்ர்ர்.' ஒரே திருப்பில் எஞ்சின் ஓடியது. அடியில் கிடந்து தட்டிய அந்த இரண்டு தட்டும் இப்போதுதான் அதற்கு உறைத்திருக்கிறது. பிறகு மோட்டாரைக் கழற்றிப் பார்த்ததில் உள்ளே மின்சாரம் கடத்தும் கரித்துண்டு ஒன்று தேய்ந்து, தொட்டும் தொடாமலும் ஊசலாடிக்கொண்டிருந்தது. அன்று அது தெரியாது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் அடித்தேன். என்னால் முடிந்த எல்லாத் திட்டும் திட்டினேன். சிப்பாய்க்குத் தமிழ் தெரியாதது என் பாக்கியம்.

சில நாள் கழித்துச் சந்திக் கடைத் தொலைபேசிக்கு மைத்துனன் அழைத்தான். வேலையில் சேர்ந்துவிட்டானாம். அக்காவைப் பற்றிக் கேட்கவில்லை, சுகம் கேட்கவில்லை.

"அத்தான், வான் ஸ்டார்ட் ஆனதா?"

"ஓம்," என்றேன். "நீ போன கையோட. ஒரே திருப்பு."

 அவ்வளவு தூரத்துக்கு அப்பாலிருந்து, அவன் நாக்கால் ஒரு சத்தம் போட்டான்.

'டக்.'