மருந்து படாத சாமை

நான் நான்காம் வகுப்பு படித்த வருடம், ஒரு காலை நேரத்தில், என் அப்பாவைக் காட்டிக்கொடுத்தேன். வேண்டுமென்று செய்ததல்ல. முற்றத்தில் பல் விளக்கிக்கொண்டிருந்த அத்தையிடம், அவளுக்குத் தெரியாத ஒரு சேதி எனக்குத் தெரியும் என்று பெருமையடிக்க நினைத்தேன், அவ்வளவுதான்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. மலைமேல் பெரக்கரை நாட்டில் எங்கள் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் பெண்கள் விளைவிக்கும் சாமையை ஒன்றாகச் சேர்த்து விற்கும் நிறுவனத்துக்கு அவள்தான் தலைவி. நிறுவனம் என்றால் பெரிதாகத் தோன்றும். எங்கள் வீட்டை ஒட்டிய ஓட்டுக் கொட்டகை, ஒரு தராசு, ஒரு ரப்பர் முத்திரை, இவைதான் அது. அந்த வருடம்தான் முதன்முறையாகப் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் கிடைத்திருந்தார். சேலத்தில் கைக்குழந்தைகளுக்குச் சத்துமாவு தயாரிப்பவர். உமி நீக்காத சாமையாக, மருந்து எதுவும் படாததாக வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. அத்தை அந்த ஒப்பந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்ட அழகை ஊர்ப் பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள்.

மழையில் லாரி வருவது தள்ளிப்போயிற்று. மூட்டைகளில் வண்டு ஏறத் தொடங்கியது. கொட்டகையைப் பார்த்துக்கொண்ட அப்பா, யாரிடமும் சொல்லாமல், தானியத்தில் வண்டைச் சாகடிக்கும் மாத்திரைகளை வாங்கி வந்து மூட்டைகளுக்குள் வைத்துவிட்டார். அக்காவின் பேர் கெட்டுவிடக் கூடாது என்ற கவலைதான் அவருக்கு. நான் மட்டும் பார்த்தேன். “பக்கத்துல போவாத கண்ணு, வெசம்” என்றார். சில நாள் கழித்து அந்த மூட்டைகள் ஜீப்பில் ஏறி, அடிவாரத்தில் இருக்கும் பேளுக்குறிச்சிக் கிடங்குக்குப் போய்விட்டன. மறுநாள் சேலத்து லாரி வந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

அந்த மறுநாள் காலையில்தான் நான் வாயைத் திறந்தேன்.

அத்தை வாய் கொப்பளிக்கவும் மறந்து நின்றாள். பிறகு அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் மறுக்கவில்லை.

“எல்லாரும் போடறதுதானுங்க்கா. இப்ப என்ன, ஈரம் ஏறிப்போச்சுன்னு போன்ல சொல்லி நிறுத்திப்போடலாம். மருந்துப் பேச்சையே எடுக்க வேண்டாம்.”

அத்தை புடவை மாற்றிக்கொண்டு வந்து, என் பள்ளிக்கூடப் பையைத் தோளிலிருந்து கழற்றிச் சுவரோரம் வைத்தாள். “நீயும் வா கண்ணு” என்றாள். அப்பா என்னைப் பார்த்த பார்வையில், அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லத்தான் என்னை அழைத்துப் போகிறாள் என்று முடிவு செய்துகொண்டேன்.

மலையிறங்கும் பேருந்தில் நான் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். வளைவுகள் ஒரு காரணம், பயம் இன்னொரு காரணம். பாதி வழி வரை அத்தை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, நான் கேட்காமலேயே, தான் சிறுமியாக இருந்தபோது ஊருக்கு வந்துபோன ஒரு நர்ஸைப் பற்றிச் சொன்னாள். அந்த நர்ஸ் குழந்தைகளுக்குக் காய்ச்சல் மருந்து கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் மழையில் நடந்தே திரும்பி வந்து, அளவு தவறாகச் சொல்லிவிட்டதாக வீடு வீடாக ஏறி இறங்கினார். சிலர் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள்.

“சாத்துன கதவுக்கு முன்னாலயே நின்னுச்சு அந்தம்மா. தொறந்து கேக்கற வரைக்கும் நவுறல” என்றாள் அத்தை. எதற்காக இந்தக் கதை என்று எனக்கு விளங்கவில்லை.

பேளுக்குறிச்சியில் லாரி வந்து நின்றிருந்தது. சேலத்துக்காரர் கிடங்கு வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“மூட்டைய ஏத்தாதீங்க. உள்ள மருந்து போட்டிருக்குதுங்க” என்றாள் அத்தை.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “யாரு போட்டது?”

நான் அத்தையின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அப்பாவின் பெயர் வரப்போகிறது, அடுத்து என்னைக் கேட்கப்போகிறார்கள் என்று காத்திருந்தேன்.

“எங்க கொட்டாயில நடந்ததுங்க. கொட்டாய்க்கு நான்தானுங்க பொறுப்பு.”

“நீங்க சொல்லலீன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது.”

“கொழந்தைங்க திங்கறதுங்க.”

அவர் பாராட்டுவார் என்று இப்போது இதைக் கேட்பவர்கள் எதிர்பார்க்கிறார்கள். அவர் பாராட்டவில்லை. மாவு மில்லை நிறுத்தி வைத்துவிட்டு வந்திருப்பதாகக் கடுமையாகப் பேசினார். இனி இந்த மலைப் பக்கமே வர மாட்டேன் என்றார். அத்தை நகராமல் நின்று கேட்டுக்கொண்டாள். வெறும் லாரி கிளம்பிப் போயிற்று. சொன்னபடியே அவர் பிறகு வரவேயில்லை.

மூட்டைகளை ஊருக்குத் திருப்பிக் கொண்டுவந்து விதைக்கென்று ஒதுக்கினாள். மறுநாள் கொட்டகையில் பெண்கள் கூடினார்கள். வருட உழைப்பு இப்படிப் போயிற்றே என்ற ஆத்திரம் அத்தனை பேருக்கும். யார் செய்தது என்று அத்தை அங்கேயும் சொல்லவில்லை. திட்டெல்லாம் அவள்மேலேயே விழுந்தது. வாசலோரம் தலைகுனிந்து நின்றிருந்த அப்பா உள்ளே வந்தார். “நான்தான் வெச்சேன். அக்காவுக்குத் தெரியாது” என்றார். அப்புறம் என்ன செய்வதென்று தெரியாதவர்போல அங்கேயே நின்றார். பெண்களில் பாதிப்பேர் அந்த வருடமே விலகிப் போனார்கள். மீதிப் பேர் ஏன் தங்கினார்கள் என்று அவர்களுக்கே தெரியுமோ என்னவோ.

இன்று அந்த நிறுவனத்தை நான் நடத்துகிறேன். சென்ற வருடம் ஒரு கடைக்கு அனுப்பிய ராகிமாவில் எங்கள் தவறால் வேர்க்கடலைத் தூள் கலந்துவிட்டது. சிலருக்கு வேர்க்கடலை உயிருக்கே ஆபத்து. பாக்கெட்டுகளை விற்காமல் நிறுத்திவைக்கும்படி கடைக்கு உடனே போனில் சொல்லிவிட்டேன். நேரில் போய் நடந்ததைச் சொல்ல மட்டும் கால் எழவில்லை. அன்றைக்கு உனக்குப் பயமாக இல்லையா என்று அத்தையிடம் கேட்டேன். வயதாகிவிட்டாலும் அவளுக்குப் பேச்சு சுருக்கம்தான்.

“பயமில்லாம? கடைசி வளைவு தாண்டற வரைக்கும் ஈரம்னு சொல்லிப்போடலாம்னுதான் மனசு அடிச்சுக்கிச்சு. அதுக்குத்தான் உன்னைய இழுத்துக்கிட்டுப் போனேன். உண்மை தெரிஞ்ச புள்ள பக்கத்துல நிக்கையில எப்பிடிப் பொய் சொல்றது?”

அப்பாவுக்கு எதிரான சாட்சியாகத்தான் பேருந்தில் ஏற்றப்பட்டேன் என்று இத்தனை வருடமும் நம்பியிருந்தேன். அவ்வளவு பெரிய மனுஷி, நான்காம் வகுப்புப் பிள்ளையின் இரண்டு கண்களுக்கு அஞ்சிக்கொண்டு மலையிறங்கினாள் என்பது, ஜன்னலோரம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்த எனக்கு எப்படித் தெரியும்?