கண்காட்சியில் நான் பார்த்த என் மதில்

சின்னக் கட்டடக்காரர்களுக்காக வருடத்துக்கு ஒரு கண்காட்சிக் கட்டுரை எழுதுவது இந்த வலைப்பூவில் என் வழக்கம். எந்த அரங்கில் என்ன பார்க்கலாம், எங்கே சாப்பிடலாம், எந்த ஸ்டாலில் பை இலவசம் என்றெல்லாம் இருக்கும். இந்த முறையும் கொஞ்சம் அதெல்லாம் உண்டு. மீதியெல்லாம் என் மானம் போன கதை. எழுதாமலே விட்டுவிடலாம் என்று மூன்று வாரம் தள்ளிப்போட்டேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் தஞ்சாவூரில் இருபத்தாறு வருடமாக வீடு கட்டித் தருகிறேன், மனை பிரித்து விற்கிறேன். புரட்டாசி முதல் வாரம் சென்னை நந்தம்பாக்கத்தில் கட்டடக் கலைக்கும் கட்டுமானத் துறைக்குமான சர்வதேச வர்த்தகக் கண்காட்சி நடந்தது. மொட்டைமாடி ஒழுகலுக்கு வெளிநாட்டுக்காரர்கள் புதிதாக என்ன கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று பார்க்கப் போனேன். நான் கட்டிய வீடுகளில் நான்கு ஒழுகுகின்றன, வீட்டுக்காரர்கள் தினமும் போன் செய்கிறார்கள்.

தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்தில் காலை ஐந்து மணிக்கு ஏறினால் பன்னிரண்டேகாலுக்குக் கிளாம்பாக்கம். வழியில் இருபது நிமிடம் சாப்பாட்டுக்கு நிற்கும். அங்கே பொங்கல் வாங்காதீர்கள், காசைத் தூக்கி எறிந்ததுதான் மிச்சம். கிளாம்பாக்கத்திலிருந்து அரங்கு இருபத்திரண்டு கிலோமீட்டர், ஆட்டோ 420 ரூபாய்.

"எக்ஸ்போக்கா சார்? இன்னா வாங்கப் போற?" என்றார் ஆட்டோக்காரர்.

"சும்மா பார்க்கத்தாங்க. தஞ்சாவூர்லேர்ந்து வர்றேன்."

"அங்கியே அம்மாம் பெரிய கோயில் கீது. அத்தவிட இங்க இன்னா சார் பாக்கப்போற?"

நியாயமான கேள்விதான். முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்தால் நுழைவு இலவசம், நேரில் போனால் 200. என்னைப் போல 200 கொடுத்து உள்ளே போகாதீர்கள்.

முதல் அரங்கு முழுக்க ஓடு, மார்பிள், குளியலறைச் சாமான்கள். தானாக மூடிக்கொள்ளும் கழிப்பறை மூடியைச் சுற்றி நம்மூர் மேஸ்திரிகள் கும்பலாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது அரங்கில் ஜன்னல், கதவு, லிஃப்ட். எனக்கு வேண்டியது மூன்றாவதில் இருந்தது. ஜெர்மன்காரர் ஒருவர் தளத்தின் மேல் ரப்பர் மாதிரி ஒன்றைப் பூசி, அதில் தண்ணீரைத் தேக்கி, அடியில் வைத்த காகிதம் நனையாமல் இருப்பதைக் காட்டினார். சதுர அடி 140 ரூபாய். இரண்டு மணி நேரம் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்து, ஏழு பைகள் சேர்த்திருந்தேன்.

மூன்றாவது அரங்கின் கடைசியில் இளம் கட்டடக் கலைஞர்களுக்கு என்று ஒரு பகுதி. பெரிய மேஜை மேல் எட்டடி நீளத்துக்கு ஒரு கிராமத்தின் மாதிரி. பச்சை வயல், வாய்க்கால், அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடுகள், மேல்நிலை நீர்த்தொட்டி, கட்சிக்கொடிக் கம்பங்கள்கூட. பார்த்துக்கொண்டே வந்தவன் சட்டென்று நின்றேன். நடுவில் என் லேஅவுட்! திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஆறு கிலோமீட்டரில், எங்கள் பூர்வீக ஊரில், எட்டு வருடத்துக்கு முன் நான் போட்ட நாற்பத்திரண்டு மனை. நுழைவு வளைவில் 'வயல்வெளி அவென்யூ' என்ற பெயர்கூட எறும்பு அளவில் எழுதியிருந்தது. சுற்றுமதிலுக்கு மட்டும் சிவப்பு வண்ணம்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. சர்வதேசக் கண்காட்சியில் என் வேலை! பக்கத்தில் நின்ற உயரமான வெளிநாட்டுக்காரரின் கையைப் பிடித்து, "மை லேஅவுட் சார், மை லேஅவுட்!" என்றேன். கல்லூரி மாணவிகளிடம் போனைக் கொடுத்து, மாதிரியோடு என்னைப் படம் எடுக்கச் சொன்னேன். எடுத்தார்கள். சிவப்பு மதிலின் மேல் விரலை வைத்துக்கொண்டு நான் பல்லைக் காட்டும் அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்க மனம் வரவில்லை, அழித்தால் தப்பித்துவிடுவேன்.

மாதிரியைச் செய்தவர் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். கழுத்து அட்டையில் 'தமிழரசி, கட்டடக் கலைஞர்' என்று இருந்தது. அவரிடம், "நம்ம ஊராம்மா? ரொம்ப சந்தோஷம். ஊர்ல எந்தத் தெரு?" என்றேன்.

டெல்டாக்காரர்கள் எல்லோருக்கும் இந்தக் கேள்வி எதற்கென்று தெரியும். தெருவைச் சொன்னால் ஆள் யாரென்று தெரிந்துவிடும், அதற்குமேல் கேட்க வேண்டியதில்லை. பெயரைக் கேட்பதற்கு முன் தெருவைக் கேட்டுப் பழகிய வாய் எனக்கு. கேட்கிறோம் என்றுகூடத் தெரியாமல் கேட்டேன்.

அவர் முகம் மாறவில்லை. மேஜை மேல் குனிந்து, என் மதிலை ஒட்டி மேற்கே இருந்த தொகுப்பு வீடுகளில் மூன்றாவதின் மேல் விரலை வைத்தார்.

"இந்தத் தெரு சார். உங்க மதிலுக்கு இந்தப் பக்கம்."

அதற்குள் மணி மூன்றரை. அரை மணிக்கு ஒரு தடவை அவர் செய்துகாட்டும் நேரமாம், ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். தமிழரசி ஒரு சொம்புத் தண்ணீரை மாதிரியின் மேற்கு ஓரத்தில் ஊற்றினார். தண்ணீர் வயல்களிலிருந்து இறங்கி, தெருவை ஒட்டிய வடிகாலில் ஓடி, கிழக்கே போய் சிவப்பு மதிலில் முட்டி நின்றது. பிறகு திரும்பியது. தெருவில் பரவி, வாசற்படிகளில் ஏறி, பொம்மை ஜன்னல்களைத் தொட்டது. மதிலுக்குக் கிழக்கே என் மனைகள் காய்ந்து கிடந்தன. தமிழிலும் ஆங்கிலத்திலும் அமைதியாக விளக்கினார். மதில் யாருடையது என்று அவர் சொல்லவில்லை. அதைத்தான் நான் ஏற்கெனவே ஊருக்கெல்லாம் சொல்லி முடித்திருந்தேனே. உயரமான வெளிநாட்டுக்காரர் என்னைப் பார்த்தார், பிறகு மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். ஏழு பைகளோடு எங்கே ஒளிவது?

கூட்டம் கலைந்ததும் முனகினேன். "குழாய் போட்டிருக்கோமேம்மா."

"ஒம்பது இஞ்ச் குழாய். தெரியும் சார். வாய்க்கா ஆறடி அகலம்." பிறகு சொன்னார்: "போன ஐப்பசில தண்ணி பதினோரு நாள் நின்னுச்சு. அப்பாவுக்குப் பக்கவாதம். கட்டிலோட தூக்கித் தலைக்கு மேல வச்சுத்தான் ரோட்டுக்குக் கொண்டாந்தோம்."

"மனு குடுத்தீங்களா?"

"ரெண்டு வருஷ ஜமாபந்திலயும் தாலுகா ஆபீஸ்ல குடுத்தாச்சு. பட்டா நெலத்துக்குள்ள ஓடின வாய்க்கா, சர்வே படத்துல கெடையாது. அங்க வடிகால் எதுவும் பயன்பாட்டுல இல்லன்னு நெலத்துக்காரரே எழுதிக் குடுத்திருக்காரு, அதுக்குமேல நாங்க என்ன செய்யறதுன்னு கேக்கறாங்க. அந்த லெட்டர்ல உங்க கையெழுத்து சார். இருந்துச்சுன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும். வேற யாரு சொன்னாலும் எடுபடாது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் நான். எங்கள் தாத்தா காலத்தில் ஆட்கள் கூலி உயர்வு கேட்டுச் செங்கொடி நட்ட எங்கள் வயல் அது. நில உச்சவரம்புச் சட்டத்தில் போனதுபோக மிஞ்சியது அந்த ஆறு ஏக்கர்தான். அதில் ஓடிய வடிகாலில் நானே கெண்டை பிடித்திருக்கிறேன். மனை அனுமதிக்காக, இல்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

அந்தப் பெண்ணிடம் நான் சொன்ன பதில்: "பார்க்கலாம்மா." எங்கள் பக்கத்தில் முடியாது என்பதை இப்படித்தான் சொல்வோம். அவருக்கும் அது தெரியும். தலையை ஆட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். நான் உணவுக் கூடத்துக்குப் போய் 280 ரூபாய்க்குப் பிரியாணி வாங்கி முழுவதும் சாப்பிட்டேன். வெட்கப்படுகிறவனுக்குச் சோறு இறங்காது என்பார்கள். எனக்கு இறங்கியது, அதையும் எழுதிவிடுகிறேன்.

ஊர் திரும்பி ஒன்பதாவது நாள் அங்கே கிளம்பினேன். தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி வழியாகத் திருத்துறைப்பூண்டி அறுபத்தைந்து கிலோமீட்டர், இரண்டு பஸ், இரண்டேகால் மணி நேரம். என்னிடம் கார் இருக்கிறது. அதன் பின் கண்ணாடியில் கம்பெனி பெயர் இருப்பதால் எடுக்கவில்லை. மன்னார்குடி தாண்டியதும் ரோட்டிலேயே குறுவை நெல்லைக் கொட்டிக் காயவைத்திருந்தார்கள், பஸ் ஊர்ந்துதான் போனது. திருத்துறைப்பூண்டியிலிருந்து ஆட்டோ 180.

மதிலின் என் பக்கத்தை நூறு தடவை பார்த்திருப்பேன். பூசி, வெள்ளையடித்து, நெற்கதிரும் மயிலும் வரைந்திருக்கும். அந்தப் பக்கம் எட்டு வருடத்தில் ஒரு நாளும் போனதில்லை. அங்கே பூச்சு கிடையாது. யார் பார்க்கப்போகிறார்கள் என்று நான்தான் மிச்சம் பிடித்தேன். வெற்றுச் செங்கல்லில் உப்புப் பூத்து, வரி வரியாகக் கோடுகள். கட்டடக்காரனுக்கு அது எழுத்து மாதிரி, தண்ணீர் எதுவரை நின்றது என்று சொல்லிவிடும். சட்டைப்பையில் எப்போதும் டேப் இருக்கும். அளந்தேன். மூன்றடி நாலு அங்குலம். குழாய் வாயில் ஒரு வேப்பஞ்செடி முளைத்திருந்தது.

மூன்றாவது வீட்டிலிருந்து தமிழரசியின் அம்மா வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"வாங்க, உக்காருங்க. பாப்பா சொல்லுச்சு, வந்தாலும் வருவாங்கன்னு."

தெரு முனைக் கடைக்கு ஆள் அனுப்பி எனக்கு ஒரு சோடா வரவழைத்தார். அடைத்த பாட்டில், என் முன்னாலேயே திறந்தார்கள். அவர்கள் வீட்டுத் தண்ணீரை நான் குடிக்கமாட்டேன் என்று நான் சொல்லவே இல்லை. எங்கள் தெருக்காரர்கள் வந்தால் இதுதான் உபசாரம் என்று அவர்களாகவே முடிவு செய்திருந்தார்கள். தண்ணீர்ப் பானை எனக்கு இரண்டடி தூரத்தில் இருந்தது. தண்ணியே போதும் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லாமல் சோடாவைக் குடித்தேன்.

"ஒன்னு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க. மதில ஏன் இவ்வளவு ஒசரம் வச்சீங்க?"

"மாடு உள்ள வந்துடும்னுதாங்க."

"எட்டடி தாண்டற மாட்ட நான் பாத்ததே இல்லீங்களே," என்று அவர் சிரித்தார். உள்ளே கட்டிலில் படுத்திருந்தவரும் ஒரு பக்க வாயால் சிரித்தார். நானும் சிரித்தேன், நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மாட்டுக்காக இல்லை. மனை பார்க்க வந்தவர்கள், "எல்லாம் நல்லாயிருக்கு, ஆனா அந்தப் பக்கம் காலனி தெரியுதே" என்றார்கள். ஐந்தடியாக இருந்த மதிலை எட்டடி ஆக்கினேன், ஒரு குழாயை மட்டும் விட்டு வடிகால் வாயையும் சேர்த்து மூடினேன். இரண்டே மாதத்தில் முப்பத்தாறு மனை விற்றது. அவர்களுக்கு அந்தத் தெரு கண்ணில் படக்கூடாது, எனக்கு மனை விற்க வேண்டும், அவ்வளவுதான். பெரிய காரணம் ஏதும் இருந்தால் சொல்லியிருப்பேன்.

மதில் இப்போது என் கையில் இல்லை, பொது இடமெல்லாம் ஊராட்சிக்கு ஒப்படைத்தாகிவிட்டது. நானாக இடிக்க முடியாது. என்னால் முடிந்தது அந்த ஒரு வரி. என் வக்கீல் நண்பர், "நீயே போய்த் தலையக் குடுக்காத. அனுமதி ரத்தாச்சுன்னா நாப்பத்திரண்டு பேரும் உன் வாசல்ல நிப்பாங்க" என்றார். இரண்டு நாள் அவர் பேச்சைக் கேட்டேன். மூன்றாம் நாள் காலை எழுதி, தாலுகா ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்ட அலுவலர் படித்துவிட்டு, "அப்ப ஏன் சார் இல்லன்னு எழுதினீங்க? காரணம் போடணுமே" என்றார். பேனாவை வாங்கி, 'மனை விற்பதற்காக' என்று கீழே எழுதி மறுபடி கையெழுத்துப் போட்டேன்.

கண்காட்சிக்கு அடுத்த வருடம் போகிறவர்களுக்கு: வார நாளில் போங்கள், முன்பதிவு செய்யுங்கள், செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். மதியச் சாப்பாடு வெளியே மெயின் ரோட்டில் பாதி விலை. ரப்பர் பூச்சு நல்ல சரக்குதான், பேரம் பேசினால் 120க்கு வருகிறது. இளம் கலைஞர்கள் பகுதியைக் கடைசிக்கு வைக்காதீர்கள். மனை பிரிக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. வயலில் மதில் எழுப்புவதற்கு முன் ஒரு மழை நாளில் அடுத்த பக்கம் போய் நின்று பாருங்கள், பஸ் செலவு நூறு ரூபாய்கூட ஆகாது. ஊர்க்காரர் யாரையாவது பார்த்தால் பெயரைக் கேளுங்கள்.

மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு கொடுத்தார்கள். இடத்தைப் பார்வையிட்டு, மனைக்காரர்களுக்கு நோட்டீஸ் விட்டு, விசாரித்து முடிக்கத் தை மாதம் ஆகுமாம். சீட்டைப் படம் எடுத்து, அம்மாவிடம் வாங்கி வைத்திருந்த நம்பரில் தமிழரசிக்கு அனுப்பினேன். அன்று ஐப்பசி இரண்டு, தஞ்சாவூரில் காலையிலிருந்தே மழை. ஒரு மணி நேரம் கழித்து அவரிடமிருந்து பதில் வந்தது.

"நன்றி சார். அம்மா அரிசி மூட்டையெல்லாம் பரண்ல ஏத்திட்டாங்க. அப்பாவ இன்னிக்கு சாயங்காலம் மன்னார்குடிக்கு அழைச்சிட்டுப் போறோம்."