கரேன் வீட்டு முகவரி

மலைமேல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்த கரேன், கல்யாணமாகிக் கீழே ஈப்போ நகருக்குப் போனாள். கணவன் பிரெட்ரிக்கின் அடி பொறுக்க முடியாமல், மகள் சோஃபியாவுடன் மறுபடி மலையேறி வந்துவிட்டாள். அவன் நெருங்கக் கூடாதென்று நீதிமன்ற உத்தரவும் வாங்கிக்கொண்டாள். மலைமேல் உள்ள தானா ராத்தா ஊரில் வாடகை வீடு பிடித்து, பின்பக்கம் ரோஜாக் கன்று வளர்த்து, கைப்பேசிச் செயலி ஒன்றின் மூலம் விற்றாள். தூரத்து ஜொகூரிலிருந்தெல்லாம் ஆர்டர் வந்தது.

ஒரு மத்தியானம் பிரெட்ரிக் கேட்டருகே வந்து நின்றான்.

"ரொம்பத் தேடல லா. உன் கடையைப் போன்ல தொறந்தா வீட்டு அட்ரஸே இருக்கு."

கரேன் உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள். போலீசுக்குப் போன் செய்து, நீதிமன்ற உத்தரவைப் பற்றித் தெளிவாகச் சொன்னாள். பக்கத்து வீட்டுக் காய்கறி வியாபாரி அர்ஜுனன், தன் லோரியைக் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு, போலீஸ் வரும்வரை அங்கேயே நின்றார். உத்தரவை மீறியதற்காக பிரெட்ரிக்கைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

பார்சல் எடுக்க வருபவர்களுக்காகக் கொடுத்த முகவரியை, அவளைக் கேட்காமலேயே செயலிக்காரர்கள் கடைப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். புகார் செய்தபோது, சேரும்போதே அவள் சம்மதித்துவிட்டதாகப் பதில் வந்தது. வீடு மாறிவிடச் சொன்னாள் அக்கா கத்தரீன். தப்பு செய்தவர்கள் இருக்க, தான் ஏன் ஓட வேண்டும் என்று மறுத்துவிட்டாள் கரேன்.

இணையத்தில் மக்களின் சொந்த விவரங்களைக் காக்க ஒரு சட்டம் முன்மொழியப்பட்டிருந்தது. அதைப் பற்றிக் கருத்துக் கேட்க அரசாங்கத்தார் ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். குடும்ப விஷயத்தைச் சபையில் பேசாதே என்று கத்தரீன் தடுத்தும், கரேன் எழுந்து நடந்ததை நடந்தபடி மலாயில் சொன்னாள். சட்டத்தில் என்ன வேண்டும் என்று அதிகாரி கேட்டார். அவரும் தமிழர்தான்; தமிழிலேயே கேட்டார்.

"என் வீடு எங்க இருக்குன்னு யாருக்குச் சொல்றதுன்னு நான்தான் முடிவு பண்ணணும் சார். எடுத்துடுன்னு நான் சொன்னா, அன்னைக்கே எடுத்துடணும்."

கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரி விற்கும் விக்னேஸ்வரி எழுந்து, தன் முகவரியும் அந்தச் செயலியில் அப்படித்தான் கிடக்கிறது என்றாள். இன்னும் சிலரும் எழுந்தார்கள். எல்லாருமாகச் சேர்ந்து, முகவரியை எடுக்காவிட்டால் கடைகளை மூடிவிடுவதாகச் செயலிக்காரர்களுக்குத் தெரிவித்தார்கள். அந்த வாரமே முகவரிகள் மறைந்தன.

சட்டம் இன்னும் நிறைவேறவில்லை. அடுத்த கூட்டம் கோலாலம்பூரில். கரேன் பஸ் டிக்கெட் எடுத்துவிட்டாள். இந்த முறை கத்தரீனும் கூட வருகிறாள்.